684இல் இரண்டு ஊர்

பொங்கல் கழிந்த வாரம், கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை. உள்ளங்கையில் அடங்கும் டிரான்சிஸ்டர் ஒன்றை மணலில் விரித்த துண்டின் மேல் வைத்து, மத்திய அலையில் 684 கிலோஹெர்ட்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன். பொழுது சாயும் வரை எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம்தான். சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கிச் சற்று நேரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல இந்தியில் ஒரு குரல் மேலே வந்தது. ஏறியது, அமிழ்ந்தது, மறுபடி ஏறியது. அரை மணி நேரம் போயிருக்காது, அதன் தோளில் ஏறி உட்கார்ந்தது மலையாளம். அப்புறம் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருந்தன.

சுண்டல் விற்றவர் குனிந்து பார்த்து, "ஸ்டேஷன் சரியா விழல சார், லேசா திருகுங்க" என்றார். திருகிப் பயனில்லை. இரண்டு குரலும் நிற்பது ஒரே எண்ணில்.

அகில இந்திய வானொலியின் அலைவரிசைப் பட்டியலில் 684க்கு நேரே இரண்டு ஊர் உண்டு. ஒன்று கோழிக்கோடு. மற்றது அந்தமானின் போர்ட் பிளேர். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய அதே ஊர். இரண்டுக்கும் 100 கிலோவாட். இப்போது இந்திய வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கடலூரின் அட்சரேகை ஏறத்தாழ 11.7 பாகை. போர்ட் பிளேர் 11.6, கோழிக்கோடு 11.25. கிழக்கே வங்கக்கடலைத் தாண்டி சுமார் 1,400 கிலோமீட்டரில் ஒரு நிலையம். மேற்கே மலைத்தொடரைத் தாண்டி சுமார் 430 கிலோமீட்டரில் இன்னொன்று. கடலூர்க்காரர் இரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய ஒரே கோட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு சிறிய வானொலிப் பெட்டியால் என்ன முடியும், என்ன முடியாது என்று பார்க்க இதைவிட நல்ல பரீட்சை எனக்குத் தெரியாது.

முதலில் அந்த அரை மணி நேரக் கணக்கு. மத்திய அலை நம்மிடம் இரண்டு வழியாக வரும். ஒன்று தரையை ஒட்டி ஊர்ந்து வருவது. இரவும் பகலும் மாறாது, ஆனால் தொலைவு கூடக் கூடத் தரை அதைக் குடித்துவிடும். மற்றது வான்வழி. 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் 'டி' அடுக்கு என்று ஒன்று உண்டு. வெயில் இருக்கும் வரை, மேலே கிளம்புகிற மத்திய அலையை அது விழுங்கிக்கொண்டே இருக்கும். பொழுது சாய்ந்ததும் கலைந்துபோகும். அதற்கும் மேலே, 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அடுக்குகள் இரவிலும் தாக்குப்பிடித்து நின்று, அலையைத் தரைக்குத் திருப்பி அனுப்பும். பகலில் கேட்காத ஊர் இரவில் கேட்பது இதனால்தான்.

பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம். போர்ட் பிளேர் நமக்குக் கிழக்கே 13 பாகை, ஆகவே அங்கே 52 நிமிடம் முன்னதாகவே பொழுது சாய்ந்துவிடும். கோழிக்கோடு மேற்கே 4 பாகை. அங்கே 16 நிமிடம் தாமதம். பொங்கல் சமயத்தில் கடலூரில் சூரியன் மறைவது ஏறத்தாழ 6.05 மணிக்கு. அப்போது வங்கக்கடல் நெடுக இருட்டு, தமிழ்நாட்டின் மேற்கே இன்னும் வெளிச்சம். கிழக்கு வழி திறந்து, மேற்கு வழி திறக்காத அந்தச் சிறு இடைவெளியில்தான் அந்தமான் தனியாகக் கேட்டது. மேற்கும் இருண்டபின் கிட்டத்தில் இருக்கும் கோழிக்கோடு மேலேறிவிட்டது. நிலையத்தைத் தேர்ந்தெடுத்தது நானல்ல, சூரியன்.

சரி, பெட்டியைத் திருப்பி வைத்துக் கோழிக்கோட்டை மடக்கலாமே என்று தோன்றும். நானும் முயன்றேன். இங்கேதான் பெட்டிக்குள் இருக்கும் கரிய கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெட்டிக்கு வெளியே நீட்டுகிற பளபளக்கும் ஏரியல் பண்பலைக்கும் சிற்றலைக்கும் உரியது. மத்திய அலையில் அதை இழுத்தாலும் மடக்கினாலும் பெரும்பாலான பெட்டிகளில் ஒன்றும் நடக்காது. மத்திய அலையைப் பிடிப்பது உள்ளே படுத்திருக்கும் ஃபெரைட் ராடு. பலப்பக் குச்சியைப் பெரிதாக்கினாற்போல், கறுப்பாக, கீழே விழுந்தால் உடையக்கூடியது. அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அலையின் காந்தப்புலத்தைத் தன்னுள் இழுத்துத் திரட்டிக் கம்பிச்சுற்றுக்குத் தருவது அதன் வேலை. 684 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 439 மீட்டர். அவ்வளவு பெரிய அலைக்கு ஒரு சாண் குச்சியை நீட்டி "வா" என்கிறோம். வருகிறதே, அதுதான் ஆச்சரியம்.

ராடுக்கு ஒரு குணம். தன் பக்கவாட்டுக்கு நேரே இருக்கும் நிலையத்தை நன்றாகக் கேட்கும். தன் நுனி காட்டும் திசையில் இருப்பதற்குச் செவிடாகிவிடும். ராடு பெட்டியின் நீளவாக்கில் கிடப்பதால், பெட்டியின் முகமோ முதுகோ நிலையத்தைப் பார்த்தால் சத்தம் கூடும், விலாப்புறம் பார்த்தால் குறையும். கூடுவது மெதுவாகத்தான் கூடும், இந்தப் பக்கம் இருபது பாகை அந்தப் பக்கம் இருபது பாகை தவறினாலும் காது கண்டுபிடிக்காது. அற்றுப்போகும் இடமோ ஊசிமுனை மாதிரி. அதனால் விவரம் தெரிந்தவர்கள், வேண்டிய நிலையத்தை நோக்கிப் பெட்டியைத் திருப்புவதில்லை. வேண்டாத நிலையத்தை நோக்கி ராடின் நுனியைக் காட்டுவார்கள்.

கடலூரில் இது அழகாக வேலை செய்யும். 684க்கு நான்கு தடம் மேலே, 720இல், சென்னை, 200 கிலோவாட். நேர்க்கோட்டில் சுமார் 160 கிலோமீட்டர்தான், அதுவும் கரையோரமாக. மலிவான பெட்டியில் அது 684 வரை வழிந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். சென்னை இங்கிருந்து வடக்குக்குச் சற்றே கிழக்கில், ஏறத்தாழ 21 பாகையில் இருக்கிறது. ராடின் நுனியை அங்கே காட்டினால் சென்னை ஒடுங்கும். அப்போது அந்தமான் ராடுக்கு 69 பாகையில் இருக்கும். அதன் சைன் 0.93. அதாவது, சென்னையை அடக்குவதற்காக நாம் அந்தமானில் இழப்பது நூற்றுக்கு ஏழு பங்குதான்.

ஆனால் கோழிக்கோட்டிடம் இந்த வித்தை பலிக்காது. ராடுக்கு முகமும் முதுகும் ஒன்று. கிழக்கே எவ்வளவு கேட்குமோ மேற்கேயும் அவ்வளவே கேட்கும். மேற்கே செவிடானால் கிழக்கேயும் செவிடு. கோழிக்கோட்டை மடக்க நுனியைக் காட்டினேன். அந்தமானும் கூடவே போய்விட்டது. உலகத்தில் எத்தனையோ திசைகள் இருக்க, இவ்விரண்டு நிலையங்களும் கடலூருக்கு எதிரெதிராக வந்து வாய்த்தது நம் ராசி. ராடோடு ஒரு செங்குத்துக் கம்பியின் சமிக்ஞையைச் சரியான அளவில் கலந்தால் ஒரு பக்கம் மட்டும் அடைக்கலாம். கப்பல்களில் திசை காண வைத்திருந்த கருவிகளில் அந்த ஏற்பாடு உண்டு. சட்டைப்பைப் பெட்டியில் கிடையாது. பொழுது சாயும் நேரத்தை நம்புவதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை.

எந்தப் பெட்டி நன்றாகக் கேட்கிறது என்று ஒப்பிட்டும் பார்த்தேன். இதில் பலரும் செய்யும் தவறு, இரவில் ஒப்பிடுவது. வான்வழி வரும் ஒலி நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும். முதல் பெட்டியைக் கேட்டுவிட்டு இரண்டாவதை எடுப்பதற்குள் வானமே மாறியிருக்கும். தீர்ப்பு வானத்துக்குத்தான் போகும், பெட்டிக்கு அல்ல. உச்சிவேளையில், தரைவழியில் மெல்லியதாகக் கேட்கும் நிலையம் ஒன்றைப் பிடித்து ஒப்பிட வேண்டும். சிதம்பரத்தில் எனக்குத் திருச்சி 936 அப்படி உதவியது. சுமார் 125 கிலோமீட்டர். பாதியில் ஏறி விழாமல் ஒரே மட்டத்தில் நிற்கும். நல்ல பெட்டியில் தெளிவாகவும் சுமாரான பெட்டியில் கரகரப்போடும் கேட்கும். அந்த நிலையம் ரொம்பப் பலமாக இருந்தாலும் ஒப்பீடு கெடும், ஏனென்றால் பெட்டிக்குள் இருக்கும் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு எல்லாவற்றையும் சமமாக்கிவிடும்.

இன்னொன்று: இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒவ்வொரு சூப்பர்ஹெட் பெட்டிக்குள்ளும் ஒரு குட்டி ஒலிபரப்பி இருக்கிறது. பழைய டிரான்சிஸ்டரில் 684 வைத்தால், உள்ளேயிருக்கும் ஆசிலேட்டர் அதைவிட 455 கூடுதலாக, 1139இல் அதிரும். பக்கத்துப் பெட்டியை 1139க்குக் கொண்டுபோங்கள்; முதல் பெட்டியின் குமிழை இம்மி அசைத்தாலும் அதில் விசில் போல, அல்லது சட்டென்று கவிகிற மௌனம் போலத் தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட மலிவான சோதனை இல்லை.

என்னிடம் இருந்தவை இரண்டு. ஒன்று, குமிழைத் திருகும் பழைய இரண்டு பேண்டு டிரான்சிஸ்டர். இன்னொன்று எண் திரையும், சமிக்ஞையை எண்களாக்கிக் கையாளும் டி.எஸ்.பி. சிப்பும் உள்ள புதுப்பெட்டி. டெக்சன் போன்ற சீனத்துச் சிறு பெட்டிகளில் சிலிக்கான் லேப்ஸ் நிறுவனத்தின் சிப்பைப் போட்டு வந்தபின், ஒரு காலத்தில் மேசையளவு பெட்டிக்கே இருந்த கூர்மை சட்டைப்பைக்கு வந்துவிட்டது. டெக்சன் பிஎல்-380 பெட்டியில் 6, 4, 3, 2, 1 கிலோஹெர்ட்ஸ் என்று வடிகட்டியின் அகலத்தை நாமே குறுக்கலாம். பக்கத்து நிலையம் கத்தினால் குறுக்கு. பேச்சு கொஞ்சம் மந்தமாகும், ஆனால் அந்நியர் உள்ளே வரமாட்டார். 720 சென்னையை 684இலிருந்து விரட்ட அந்தப் பெட்டியைத் திருப்பவே வேண்டியிருக்காது.

இந்த வகைப் பெட்டிகளில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. சமிக்ஞை ஓர் அளவுக்குக் கீழே போனால் ஒலியையே தாழ்த்திவிடுகின்றன. இரைச்சலால் நம் காது வருந்தக் கூடாதாம். அந்தமான் அமிழ்கிற நொடியில் பழைய டிரான்சிஸ்டர் அதை இரைச்சலோடு சேர்த்தாவது கொடுத்தது. புதுசு கதவைச் சாத்திக்கொண்டது. இரைச்சலுக்குள் புதைந்த பேச்சைத் தோண்டி எடுக்க மனிதக் காதுக்குத் தெரியும், அந்த வேலையை அதனிடம் விட்டிருக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த எண் திரைப் பெட்டி என்றால் முதலில் ஒன்றைப் பாருங்கள். அமெரிக்காவில் நிலையங்களுக்கிடையே 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, நமக்கு 9. 1975இல் ஜெனீவாவில் போட்ட திட்டம் 1978 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது நம் நிலையங்கள் எல்லாம் 9ஆல் வகுபடும் எண்களில் அமர்ந்தன. 684, 720, 936 எதை வேண்டுமானாலும் வகுத்துப் பாருங்கள். பத்துப் பத்தாகத் தாவும் பெட்டியில் சென்னை 720 தற்செயலாக அகப்படும், 684 ஒருநாளும் அகப்படாது. அமைப்பை 9க்கு மாற்ற ஒரு பொத்தான் இருக்கும். அது தெரியாமல், பெட்டி மோசம் என்று பரணில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய டிரான்சிஸ்டர் மந்தமாகிவிட்டால் அதைத் தேற்றலாம். சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் முன்பு கடை வைத்திருந்த மெக்கானிக் ஒருவர் எனக்குச் சொல்லித்தந்தது இது. முதுகைத் திறந்தால் ராடின் மேல் காயில் மெழுகு வைத்து ஒட்டியிருக்கும். நடுவில் இருந்தால் அதன் மின்தூண்டல் அதிகம், நுனிக்குத் தள்ளத் தள்ளக் குறையும். டயலின் கீழ்க்கோடியில், 600-700 வாக்கில், மெல்லிய நிலையம் ஒன்றை வைத்துக்கொண்டு மெழுகை இளக்கி, காயிலைச் சற்றே முன்பின் நகர்த்தி, ஒலி உச்சத்துக்கு வரும் இடத்தில் விட வேண்டும். பிறகு மேல்கோடியில், 1400 வாக்கில் ஒன்றை வைத்து, நிலையம் மாற்றும் குமிழோடு சுழலும் கேங் கண்டன்சரின் முதுகில் இருக்கும் ஆன்டெனா டிரிம்மரை பிளாஸ்டிக் திருப்புளியால் திருகி உச்சம் பார்க்க வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றது கொஞ்சம் விலகும், அதனால் இரண்டு மூன்று முறை மாறி மாறி. "ஐ.எஃப். கேனை மட்டும் தொடாதே தம்பி" என்பார் அவர். 455ஐ வடிகட்டித் தரும் அந்த இடைநிலை அலைவரிசைச் சுருளை, சரியாக இருக்கும்போதே ஆர்வத்தில் திருகிக் கெடுத்த பெட்டிகள்தான் அவர் கடைக்கு அதிகம் வரும்.

காயிலை நகர்த்துமுன் தேவையா என்று பார்க்க ஒரு தந்திரமும் வைத்திருந்தார். உடைந்த ஃபெரைட் துண்டு ஒன்றை ராடின் அருகே கொண்டுவருவார்; ஒலி கூடினால் தூண்டல் போதவில்லை, காயிலை உள்ளே தள்ளு. பித்தளை வளையத்தைக் கொண்டுவருவார். அதற்குக் கூடினால் தூண்டல் மிகுதி, வெளியே இழு. இரண்டுக்கும் குறைந்தால் கையைக் கட்டிக்கொண்டு முதுகை மூடிவிடு.

அதற்கு மேலும் வேண்டுமென்றால், செலவில்லாத வழி சட்டக வளையம். பக்கத்துக்கு 60 சென்டிமீட்டராக மரச்சட்டத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றுக் கம்பி, 30 மீட்டர் போதும். இரண்டு முனைகளையும் ஒரு பழைய கேங் கண்டன்சரில் சேர்க்க வேண்டும். மின்சாரம் வேண்டாம், பெட்டியோடு ஒயர் இணைப்பும் வேண்டாம். பக்கத்தில் பெட்டியை வைத்து கண்டன்சரைத் திருகினால், அலைவரிசை ஒத்துப்போகிற இடத்தில் ஒலி திடீரென்று கிளம்பும். ஒரு சாண் ராடு செய்யும் வேலையை இரண்டடி அகல வளையம் செய்கிறது, அவ்வளவுதான் ரகசியம். வளையத்துக்கும் திசைக்குணம் உண்டு, கோழிக்கோட்டுப் பிரச்சினையும் அப்படியே உண்டு.

இதே சாமான்களைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்துக்குப் போனேன். அந்தமான் அங்கே வெகுவாகச் சோர்ந்துவிட்டது. கடற்கரை அங்கிருந்து வெகுதூரமில்லை, அந்தமானின் தொலைவிலும் மாற்றமில்லை. மாறியது கடைசிச் சில கிலோமீட்டர்கள். கடல்நீர் தரையைவிடப் பல நூறு, சில இடங்களில் ஆயிரம் மடங்குகூட நன்றாக மின்சாரம் கடத்தும். 1,400 கிலோமீட்டர் தாண்டி வரும் அலை அடிவானத்தை ஒட்டித் தாழ்வாக வந்து இறங்கும். அதன் முன்னே உப்புநீர் விரிந்திருந்தால் பலம் கூடும், கரையிலிருந்து உள்ளே போகப் போக அந்த லாபம் கரையும். 1970, 80களில் நம் கரையோர ஊர்களில் இலங்கை வானொலி பட்டப்பகலில் உள்ளூர் நிலையம்போலக் கேட்டதற்கும் பாக் நீரிணையின் உப்புநீருக்கும் சம்பந்தம் உண்டு. கிள்ளை, பிச்சாவரம் பக்கம் உப்பங்கழியோரம் போய் வைத்தபோது அந்தமான் திரும்பக் கொஞ்சம் தலைதூக்கியது.

சிதம்பரத்து வீட்டில் இன்னொரு எதிரியும் இருந்தது: எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர். இவற்றின் உள்ளே ஒவ்வொரு நொடியும் ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி இணைக்கும் சுற்றுகள் இருக்கின்றன. அவற்றின் சில்லறை இரைச்சல் நேராக மத்திய அலையில் வந்து விழும். கடலோரத்தில் வேறொரு சங்கதி. மின்கம்பத்துப் பீங்கான்களில் உப்புப் படிந்து, பனி ஈரம் பட்டதும் அதன்மேல் மின்சாரம் சின்னச் சின்னதாகப் பொறியும். பெட்டியில் இடைவிடாத உறுமல். நல்ல மழை ஒன்று பெய்து கழுவிவிட்டால் சில நாளைக்கு நிம்மதி. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி, நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். அந்த இரவுகளில் மத்திய அலை இருந்த சுத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கூரை போனவர்களிடம் இதைச் சொல்லியிருந்தால் அடித்திருப்பார்கள்.

ஒரு கேள்வி மிச்சம். 1,400 கிலோமீட்டர், கடல்வழி, 100 கிலோவாட். இவ்வளவு சாதகம் இருந்தும் அந்தமான் ஏன் இவ்வளவு மெலிந்து வருகிறது? தெற்கே இலங்கையின் புத்தளத்திலிருந்து டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவின் 882 இரவில் வந்து அறைகிறது. அது 400 கிலோவாட், தொலைவும் சுமார் 410 கிலோமீட்டர்தான் என்பது ஒரு காரணம். திசையும் ஒரு காரணம். ராக்கெட் ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள் அல்லவா, காந்த நடுக்கோடு அங்கே போகிறது என்று? அதே கோடுதான் இங்கும் கை வைக்கிறது. நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறையப் படுத்தவாக்கில், வடக்கு-தெற்காகக் கிடக்கும். ஒலிபரப்புக் கோபுரம் செங்குத்து, அதிலிருந்து வரும் அலையின் மின்புலமும் செங்குத்து. அந்த அலை கிழக்கு-மேற்காகப் பயணம் செய்தால் காந்தப்புலத்தோடு அது சேரும் விதம் சரியில்லாமல் போய், அயனி மண்டலத்தில் பெரும்பகுதி தின்னப்படுகிறது. வடக்கு-தெற்குப் பயணத்தில் இந்தச் சேதம் குறைவு. ஆக, நமக்கு அந்தமானும் கோழிக்கோடும் கடினமான திசையில் இருக்கின்றன. இலங்கை சுலபமான திசையில் இருக்கிறது.

மத்திய அலை ஒலிபரப்பிகளை நாட்டில் ஒவ்வொன்றாக மூடிவருகிறார்கள். பட்டியலில் உள்ள ஊர் நாளைக்கும் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. பரணில் இரண்டு பேண்டு பெட்டி இருந்தால் இறக்குங்கள், பேட்டரி கசிந்து பித்தளைத் தகடு பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். மாலையில் தவறவிட்டால் விடியற்காலையும் உண்டு, அப்போது ஆட்டம் தலைகீழ். பொங்கல் சமயத்தில் போர்ட் பிளேரில் சூரியன் உதிப்பது சுமார் 5.45க்கு, கடலூரில் 6.35க்கு, கோழிக்கோட்டில் 6.50க்கு. முதலில் அந்தமான் அணையும். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நடைப்பயிற்சிக்காரர்கள் திரும்பும் வரை கோழிக்கோடு பேசிக்கொண்டிருக்கும்.